தொண்ணூற்றுச் சொச்சம்

பள்ளி என்றேன்.
ஆட்டோ ஜபருல்லா அரசு நடுநிலைப் பள்ளி வாசலில்
கொண்டுபோய் நிறுத்தினார்.
சனிக்கிழமை. பூட்டு.
கொடிக்கம்பத்தில் ஒரு மைனா.

இது இல்லை, பழைய பள்ளி,
அமணர் இருந்தது, இடிந்தது என்றேன்.
"மொட்டைச்சாமியா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன"
என்று வண்டியைத் திருப்பினார்.

தேவகோட்டைக் கிளையில் மூன்று நாள் தணிக்கை.
நகைக்கடன் பைகளைப் பிரித்து, எடை போட்டு,
மறுபடி சீல் வைத்து
விரல் நுனியில் அரக்கு வாசம் இன்னும் போகவில்லை.
ரயில் இரவு பத்தரைக்கு.
நடுவில் ஒரு மாலை சும்மா கிடந்தது.

பள்ளிவயல்.
கண்மாய்க்கரை தாண்டி, சீமைக்கருவேல் தாண்டி,
முட்டி உயரத்துக்குச் செங்கல்.
எட்டு அறை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் படுக்க.
ஒன்றில் கால் நீட்டிப் பார்த்தேன்,
ஐந்தடிக்காரிக்கே குதிகால் வெளியே.
துறந்தவர்கள் குட்டையாக இருந்தார்களா,
முடக்கிப் படுப்பதும் நோன்பில் சேர்த்தியா.

ஒரு மூலையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது,
அரைபடாமல் தப்பிய சிப்பித் துண்டோடு.
கடல் இங்கிருந்து ஒரு மணி நேர பஸ்.
காற்று என்னவோ தொண்டிப் பக்கமிருந்துதான் வருகிறது.
உதட்டை நக்கிப் பார்த்தேன், உப்பு.
என் வியர்வைதான்.

மொட்டைச்சாமி வேம்படியில்.
தலை இருக்கிறது, மூக்கு இல்லை.
திசையை உடுத்தியவருக்கு
யாரோ நாலு முழ வேட்டி கட்டி
தோளில் மஞ்சள் துண்டும் போட்டிருக்கிறார்கள்.
காலடியில் எலுமிச்சை, கல் பாரம் வைத்து
யாருடையதோ பரீட்சை நுழைவுச்சீட்டு நகல்.
வேண்டாம் என்று சொல்ல
அவருக்கு வாயும் பாதிதான் மிச்சம்.

தொல்லியல் துறைப் பலகை துருவேறி நிற்கிறது.
கீழே கிடக்கும் கல்லில் எழுதியிருப்பது இதுவாம்:
பள்ளியில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க
வணிகன் ஒருவன் விட்ட
சாவா மூவாப் பேராடு தொண்ணூற்று
அதற்குமேல் துரு.
தொண்ணூற்று என்ன? ஒன்றா, ஆறா?

சாவாது. மூவாது.
செத்ததற்கு ஈடாக ஈன்றதைச் சேர்த்து
முதல் குறையாமல் வைத்திருக்க வேண்டும்.
வட்டி நெய், தினம் ஓர் உழக்கு,
சந்திரனும் சூரியனும் உள்ளவரை.
இத்தனை சுத்தமான வைப்புநிதியை
இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை.
முதல் எங்கே, யார் பொறுப்பில்,
எந்த இரவில் திரி அணைந்தது,
அணைந்ததற்கு யார் கையெழுத்து,
கேட்க வேண்டியவள் நான்தான்.
வந்து சேர ஆயிரம் வருஷம் தாமதம்.

பசித்தது. பையில் பட்டர் பன்.
பொழுது சாய்ந்தபின் அவர்கள் உண்பதில்லை என்று
எங்கோ படித்தது ஞாபகம் வர,
சூரியன் பனைமட்டையில் சிக்கியிருக்கும்போதே
அவசர அவசரமாகத் தின்றேன்,
ஹாஸ்டலுக்கு நேரங்கழித்து வந்தவள் போல.

அப்புறம் மணிச்சத்தம்.
செம்மறியும் வெள்ளாடும் கலந்து கரையிறங்கி வந்து
எட்டு அறைக்குள்ளும் புகுந்தன,
எது தன் அறை என்று தெரிந்த மாதிரி.
எண்ணத் தொடங்கினேன். பழக்கதோஷம்.
அறுபத்தொன்றில் ஒன்று குறுக்கே பாய்ந்தது.
திரும்ப முதலிலிருந்து.

எத்தனை உருப்படி என்று
ஓட்டிவந்த சாத்தையாவைக் கேட்டேன்.
"எண்ணிச் சொன்னா கொறஞ்சுபோகும்க்கா" என்றான்.
"நேத்து ஒண்ணு செத்துச்சு. விடியக்காலம் ஒண்ணு ரெட்டை போட்டுச்சு.
அதெல்லாம் சரியா இருக்கும்."

அப்படியென்றால் ஒன்று உபரி.
எதற்குமேல் உபரி என்று தெரியாத உபரி.

துரு விட்டுவைத்த கடைசி வரி ஒன்று பலகையில் உண்டு:
இத்தன்மம் காத்தான் பாதம் என் தலைமேலன.
அந்த எழுத்தைக் கல்லில் தேடிக் குனிந்தேன்.
கல்மேல் ஏறி நின்று
சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது
காது கிழிந்த ஒரு கிடாய்.

ஜபருல்லா ஹாரன் அடித்தார்.
அது காலை எடுக்கவில்லை.